ஒன்றரை வேகத்தில் கேட்ட குரல்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி உலகத்தின் எந்த மூலையில் எவர் வாயைத் திறந்து பேசிப் பதிவு செய்திருந்தாலும், ஒரு சொல் சிந்தாமல் கேட்டு முடித்தவள் மடிப்பக்கா ஒருத்திதான். அவள் காதுக்குள் போன பேச்சையெல்லாம் நூலாகத் திரித்தால் பூமியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, மீதியில் முடிச்சும் போடலாம். சரி, பூமி கொஞ்சம் அதிகம்தான். ஆஸ்பத்திரியை மூன்று சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் சின்ன ஆஸ்பத்திரி இல்லை, எழுநூறு படுக்கை.

அந்த எழுநூறு படுக்கையின் விரிப்பும் தலையணை உறையும் கைத்துண்டும் வந்து விழுகிற சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு வேலை. அதனால்தான் மடிப்பக்கா. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவில் புகுந்து சுருக்கம் போய் வெளியே வருகிற விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, நாலாக மடித்து, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். எதிரே நின்று மறுமுனையைப் பிடிப்பவளுக்கு அங்கே ‘எதிர்முனை’ என்றே பெயர். மடிக்கும்போது இரண்டு பேரும் நடந்து வந்து விரல் தொட்டு, முனையைக் கைமாற்றிக் கொடுத்து, மறுபடி பின்னால் நகர்வார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை இப்படிக் கைதொட்டுப் பிரிந்தால் ஒளிக்கிறதற்கு என்ன மிஞ்சும்? மடிப்பக்காவின் செருப்பு கடிப்பது முதல் வீட்டுக்காரர் குறட்டை வரைக்கும் எதிர்முனைக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். பேச்சு கம்மி. பிள்ளைகள் மூன்று. பெரியவளுக்குப் பதினேழு, நடுவனுக்குப் பத்து, கடைக்குட்டிக்கு மூன்று. “ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணுவார் போல” என்று எதிர்முனை ஒருநாள் விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல, மடிப்பக்கா சிரித்த சிரிப்பில் விரிப்பு கைநழுவித் தரையில் விழுந்தது. திரும்பவும் அதைத் துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

சிரிப்பெல்லாம் சலவைக்கூடத்தோடு சரி. வீட்டில் ஒரே மாதத்தில் மூன்று பக்கமும் தீப்பிடித்தது. பெரியவள் அறைக் கதவைச் சாத்தியவள் திறக்கவில்லை. நடுவன் பொய் சொல்ல ஆரம்பித்தான். அதுவும் தேவையே இல்லாத பொய், மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட. கடைக்குட்டி கண்ணில் பட்டவர்களையெல்லாம் கடித்தான். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம் இடி, இவளுக்கு மூன்று. அப்போதுதான் எதிர்முனை, பாட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஊர்ப்பட்ட ஆட்கள் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள், கையை வேலையில் வைத்துக்கொண்டே கேட்கலாம் என்று வழி காட்டினாள்.

சலவைக்கூடத்தில் ஒரு காதில்தான் இயர்போன் மாட்டலாம். உருளைக்குள் ஏதாவது சிக்கினால் அடிக்கிற மணிக்கு மற்றக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு காது உருளைக்கு, ஒரு காது பிள்ளைகளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டாள். பிறகு பிள்ளைகளுக்குள்ளும் பங்கு பிரித்தாள். காலையில் பெரிய விரிப்புகள் வரும் நேரம் பெரியவளுக்கு. உச்சிவேளையில் தலையணை உறை வரும்போது நடுவனுக்கு. கடைசியாகக் கைத்துண்டு வரும்போது கடைக்குட்டிக்கு.

தேடினாள், தேடினாள், அப்படித் தேடினாள். பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் நீதிமன்றத் தீர்ப்பை வாசிப்பதுபோல் வாசித்தார். சிறுவர்களைப் பற்றிப் பேச வந்த இரண்டு தோழிகள் முதல் இருபது நிமிஷம் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். எதற்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. இன்னொருவர், குழந்தை அடம்பிடித்தால் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மண்ணைத் தொடச் சொல்லுங்கள் என்றார். மடிப்பக்கா இருப்பது ஐந்தாம் மாடி. அங்கே மண் என்றால் மிதியடியைத் தட்டினால் வருவதுதான்.

போதாததற்கு ஒரு பிள்ளைக்குக் கேட்ட யோசனை இன்னொரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. சின்னக் குழந்தைக்கு ‘செய்’ என்று சொல்லாதீர்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள் என்று கைத்துண்டு நேரத்தில் கேட்டுவிட்டு வந்தவள், களைப்பில் பெரியவள் முன்னால் போய் நின்று, நீல டம்ளரில் தண்ணீர் வேண்டுமா, சிவப்பு டம்ளரிலா என்று குழைந்தாள். பெரியவள் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. கையைக் கடித்துக்கொண்டிருந்த கடைக்குட்டியிடம், உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன், நீயாக மனம் திறக்கும்வரை காத்திருப்பேன் என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தான்.

இப்படி அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்காஸ்ட் அகப்பட்டது. பெயர் ‘மூணு வயசு, மூணு மனசு’. பேசுகிற பெண் தன் பெயரைச் சொல்வதில்லை, ‘உங்கள் தோழி’ என்பதோடு சரி. அவளுக்கும் மூன்று பிள்ளைகள். மூத்தது பதினேழு வயதுப் பையன், நடுவில் பத்து வயதுப் பெண், கடைசி மூன்று. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று வரும். முன்னால் வந்தவை முப்பதுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். அடுத்த துணிவண்டி வருவதற்குள் முடியாது. ஆகவே மடிப்பக்கா வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டி வைத்துக் கேட்டாள். பழைய போன், வேகம் கூட்டினால் குரல் கிளி பேசுவதுபோல் கீச்சென்று வரும். வந்தால் என்ன, சொல்கிற விஷயமல்லவா முக்கியம்.

விஷயம் அப்படி இருந்தது. மகள் பல் துலக்கிவிட்டேன் என்று பொய் சொன்னபோது தோழி திட்டவில்லையாம். பிரஷ்ஷை எடுத்து வந்து, ‘நீ ஈரமாக இருக்கிறாயா?’ என்று பிரஷ்ஷிடமே விசாரித்தாளாம். மடிப்பக்கா பூரித்துப்போனாள். போன மாதம் நடுவனிடம் அவளும் இதையேதான் செய்திருந்தாள். படித்த பெண் ஒருத்தி, ஊர் மெச்சப் பேசுகிறவள், அவளும் தன்னைப் போலவே யோசிக்கிறாள் என்றால் தான் அப்படியொன்றும் மோசமான அம்மா இல்லை. பதினேழு வருஷத்தில் முதன்முறையாக யாரோ தன் முதுகைத் தட்டிக் கொடுத்ததுபோல் இருந்தது. எதிர்முனையிடம் சொன்னாள். உருளைக்காரியிடம் சொன்னாள். சலவைக்கூடமே கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் தங்கை போன் செய்தபோது அவளிடமும் சொன்னாள்.

தங்கைக்கு ஒரு பெரிய கம்பெனியில் வாடிக்கையாளர் குறை கேட்கிற வேலை. நாளெல்லாம் காதில் வசவு வாங்கிக்கொண்டு, ‘சொல்லுங்க, புரியுது’ என்று தேனாகப் பதில் சொல்கிறவள். அவள் கணவன் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். பிள்ளை இல்லை. மூன்று தடவை தங்கி, மூன்று தடவையும் தங்காமல் போயிற்று. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் தலையைக் கோதி மடிப்பக்கா, “என் பிள்ளைங்க மூணும் உன் பிள்ளைங்கதாண்டி” என்று சொன்னாள். அதிலிருந்து தங்கை ஒரு நாள் தவறாமல் சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்வாள். தன்னைப் பற்றிப் பேசமாட்டாள். “பசங்க இன்னிக்கு என்ன பண்ணினாங்க?” என்பாள். மடிப்பக்கா காய் நறுக்கிக்கொண்டே ஒன்று விடாமல் சொல்வாள். அந்தப் பக்கத்திலிருந்து “ம்... அப்புறம்?” என்று வரும். உலகத்தில் தன் பேச்சை ‘அப்புறம்’ என்று கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்பதில் மடிப்பக்காவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இந்தப் பாட்காஸ்ட்டைக் கேட்டுப் பார், அந்தத் தோழி தங்கமானவள் என்று அவள் சொன்னாள். “அவ்வளவு பிடிச்சிருக்காக்கா?” என்று மட்டும் கேட்டாள் தங்கை.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கதவைத் திறந்தாள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, ஒரு ஈரச் சட்டையைப் பிழிந்தபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கூட இருந்த சிநேகிதிகள் நாலு பேரும் சேர்ந்து அவளை விலக்கிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார வந்தால் எழுந்துபோகிறார்கள். மூன்று மாதமாக மத்தியானச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறாள். டப்பாவை யாராவது பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று மூடியில் எழுதியிருந்த தன் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டக்கூட.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அந்த நாலு பேரில் ஒருத்தி எதிர்முனையின் மகள். அடுத்த நாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அந்த விரல்களைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும்போது மடிப்பக்காவுக்கு விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று நாள் அடக்கினாள். நாலாம் நாள் ஆறரைக்குப் போன் வந்தபோது தங்கையிடம் சொல்லி அழுதுவிட்டாள். உன்கிட்ட மட்டும்தான் சொல்கிறேன் என்று மூன்று தடவை சொன்னாள். “ம்... அப்புறம்?” என்றாள் தங்கை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மடிப்பக்காவின் இயர்போன் வயர் விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. மணி அடித்தது, உருளை நின்றது, மேற்பார்வையாளர் கத்தினார். வயர் அப்பளமாக வெளியே வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஓய்வறையில் எதிர்முனை தன் போனை மேசைமேல் வைத்து, புதிதாக வந்திருந்த ‘மூணு வயசு, மூணு மனசை’ எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டாள். சாதாரண வேகத்தில்.

வேகம் கூட்டினால் முதலில் காணாமல் போவது நடுநடுவே விடுகிற மூச்சும் இடைவெளியும்தான். இப்போது அவை இருந்தன. கஷ்டமான விஷயத்தைத் தொடும் முன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற ஒரு சின்ன ‘ட்ச்’. சின்ன வயதில் பன்னிரண்டு வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்துக் கேட்ட ‘ட்ச்’ அது. பிறகு, “ம்... அப்புறம்?” என்று தன் பிள்ளையிடம் கேட்டதாக அந்தத் தோழி சொன்னாள். மடிப்பக்காவின் கையில் இருந்த தேநீர் அப்படியே நின்றது.

கடைசியில் அந்தக் குரல் அடுத்த வாரத்துக்கு முன்னோட்டம் சொன்னது. “என் மூத்த பையன் மூணு மாசமா மத்தியானச் சாப்பாட்டை எங்க சாப்பிட்டான் தெரியுமா? டப்பா மூடியில இருந்த பேரை ஏன் நகத்தால சுரண்டினான்? அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

எதிர்முனை உச்சுக் கொட்டினாள். “என்னமோ பெருசா இருக்கு. என் பொண்ணையும் உக்கார வெச்சுக் கேக்கச் சொல்லணும்.”

பையன் என்று மாற்றினால் என்ன, அந்த மூடியைப் பார்த்தவர்கள் வகுப்பில் இருக்கமாட்டார்களா? வெள்ளிக்கிழமை போட்டால் சனிக்கிழமை ஊருக்குத் தெரியும்.

அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில் பழையவற்றையெல்லாம் போனைக் காதோடு ஒட்டி வைத்து, வேகம் குறைத்துக் கேட்டாள். பல் பிரஷ் அவளுடையது. கடிக்கிற பிள்ளைக்குக் கடிக்கத் துணிமுடிச்சு கொடுத்தது அவள். அறைக் கதவுக்கு அடியில் துண்டுச்சீட்டு தள்ளியது அவள். தான் செய்ததையே தங்கையிடம் சொல்லி, தங்கை அதைப் பாலிஷ் போட்டுப் பேச, அதையே கிளிக்குரலில் கேட்டு, ‘என்னைப் போலவே யோசிக்கிறாளே’ என்று அரை வருஷமாக உருகியிருக்கிறாள். சொந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கடையில் வாங்கிக் குடித்து, ‘என்ன ருசி!’ என்று சப்புக்கொட்டிய கதை.

அடுத்த நாள் சனிக்கிழமை காலையில் தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பேச்சுக்கு நடுவே ஹேங்கர் உரசுகிற சத்தம் கேட்டிருந்ததால், உள்ளே போய் நேரே படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக். கீழே ஒரு தடித்த நோட்டு. ஆபீசில் புகார் எழுதுகிற முறை தங்கையின் கையை விட்டுப் போகவில்லை. அழைப்பு 912. தேதி. நேரம். யாரைப் பற்றி: நடுவன். விவரம்: மழை பெய்யவில்லை என்று பொய். அக்கா செய்தது: ஜன்னலைத் திறந்து கையை நீட்டச் சொன்னது. பலன்: பாதி. சிவப்பு மையில் ஓரத்தில்: நல்லா இருக்கு, உபயோகிக்கலாம்.

“இது என்னடி?”

தங்கை நோட்டைப் பிடுங்கவில்லை. “குறிப்பு. மறந்துடக் கூடாதுன்னு.”

“என் வீட்டுல நடக்கறது உனக்கு எதுக்கு மறக்கக் கூடாது?”

“சரி, உனக்கு ஞாபகம் இருக்கா? கடைக்குட்டி முதல்ல சொன்ன வார்த்தை என்ன?”

மடிப்பக்கா நோட்டைப் புரட்டினாள், விடையைத் தேடி.

“‘போ.’ எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துச் சொன்னான். அழைப்பு 96” என்றாள் தங்கை. “உன் பிள்ளைங்கதான்னு நீதானே சொன்ன?”

“கொஞ்சறதுக்குச் சொன்னேன். மைக் வெச்சு ஊருக்குக் கூவறதுக்கா சொன்னேன்?”

“நாலாயிரம் பேர் கேக்கறாங்க. ‘உங்களை மாதிரி அம்மா எங்களுக்குக் கிடைக்கலையே’ன்னு எழுதறாங்க. என்னைப் பார்த்து, அக்கா.”

மடிப்பக்கா கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்; அது கையிலேயே வழுக்கியது. ஆனால் தங்கை அதோடு விடவில்லை. அவளுக்கும் ஒரு வழக்கு இருந்தது. “அரை வருஷமா கேட்டிருக்க. கூடப் பிறந்தவ குரல் தெரியலையா உனக்கு? அந்தத் தோழி தங்கம்னு என்கிட்டயே சொன்னியே, அன்னிக்கு நீ கண்டுபிடிச்சுட்டுத்தான் ஜாடையாச் சொல்றன்னு நினைச்சேன். அன்னிக்குப் பூராவும் எனக்குச் சோறு இறங்கல, சந்தோஷத்துல.”

“வேகமா வெச்சுக் கேட்டேன்” என்றாள் மடிப்பக்கா. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சாக்கு என்று பட்டது.

கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மற்றதையெல்லாம் வைத்துக்கொள், பெரியவள் டப்பா விஷயத்தை மட்டும் போடாதே. அது என் கதை இல்லை, அவள் கதை, நான் சொன்னதே தப்பு. தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்துவிடுகிறேன், சத்தியம் என்றாள். வாசல்வரை வந்து, அக்காவின் செருப்பு வாரைப் போட்டுவிட்டு, “என்னை விட்டுடாதக்கா” என்றும் சொன்னாள்.

தங்கை சத்தியத்தை நம்பலாமா கூடாதா என்று மடிப்பக்கா இரண்டு நாள் எடைபோட்டாள். தன் சத்தியமே நாலாம் நாள் உடைந்தது. அப்புறம் பிறத்தியார் சத்தியத்துக்கு என்ன உத்தரவாதம்? யாரோ சொல்லித் தெரிவதைவிடத் தான் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்குட்டியைக் குளிப்பாட்டும்போது, துண்டோடு வாசலில் நின்ற பெரியவளிடம், குழந்தையின் முதுகுக்குச் சோப்புப் போட்டபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சித்தியிடம் சொல்லிவிட்டதை. சித்திதான் அந்தத் தோழி என்பதை. வெள்ளிக்கிழமை வரவிருந்ததை. தடுத்துவிட்டு வந்ததை.

பெரியவள் அதிர்ச்சி அடைவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அவள் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“சித்தின்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எப்போ?”

“நாலு மாசம் இருக்கும். நீ சமையலறையில மறந்து வெச்சுட்டுப் போன போன்ல ஓடிட்டு இருந்துது. நான் சும்மா வேகத்தைக் குறைச்சேன். அவ்வளவுதான்.”

“ஏண்டி என்கிட்ட சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்றீங்கன்னு நினைச்சேன். நீ கதை சொல்லுவ, சித்தி பேசுவாங்க. அதனாலதான் நீ எங்களைப் பத்தி அவ்வளவு நல்லா விசாரிக்கறன்னு நினைச்சேன்.”

மடிப்பக்காவுக்குக் காதுக்குள் உருளை மணி அடித்ததுபோல் இருந்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பெண் உள்ளே தாழ்ப்பாளும் போட ஆரம்பித்த மாதம் அதுதான் என்று அப்போதுதான் கணக்கு வந்தது. தங்கை அவளை ஏமாற்றினாள் என்று நாலு நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாளே, இந்தப் பெண் நாலு மாதமாக அதே நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“அப்படி நினைச்சவ, டப்பா விஷயத்தை எதுக்கு என்கிட்ட வந்து சொன்ன?”

“வேற யார்கிட்ட சொல்றது?” என்றாள் பெரியவள்.

கடைக்குட்டி சொம்பால் இரண்டு பேர் மேலும் தண்ணீர் அடித்தான். ஒருத்தரும் அவனைத் திட்டவில்லை. பெரியவள் அவனைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவைப் பார்க்கவில்லை, கதவையும் சாத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. உருளை ஓடிக்கொண்டிருந்தது. மடிப்பக்காவுக்கு இன்னும் புது இயர்போன் வாங்க மனசு வரவில்லை. எதிர்முனை ஒரு காதில் மாட்டிக் கேட்டபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தையே மடிப்பக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த நிமிஷம் கண் விரியும் என்று. கண் விரியவில்லை, புருவம்தான் நெரிந்தது.

டப்பா கதை வரவில்லை என்றாள் எதிர்முனை. தோழி அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பேசுகிறாளாம். இந்த வாரம் ‘கூடப் பிறந்தவங்க கோவிச்சுக்கிட்டா’.

தங்கை சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும். மற்றபடி சனிக்கிழமை காலை முழுக்க அதில் இருந்தது, உல்டாவாக. தோழிக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அலமாரியைத் திறந்து, தோழியின் நாட்குறிப்பைத் தூக்கிக் காட்டிக் கூச்சல் போட்டாள். தன் பிள்ளைகளோடு தோழி நெருக்கமாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் பிள்ளை முதலில் பேசிய வார்த்தைகூட அவளுக்கு ஞாபகம் இல்லை, பாவம். ‘கொஞ்சறதுக்குச் சொன்னேன், கூவறதுக்கா சொன்னேன்’ என்று கேட்டாளாம். தோழி திருப்பிக் கத்தவில்லை. செருப்பு வாரைப் போட்டுவிட்டு, மன்னித்து அனுப்பிவைத்தாளாம்.

இதை எதிர்முனை விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மடிப்பு மடிப்பாக ஒப்பித்துக்கொண்டே வந்தாள். கிட்டே வந்து விரல் தொட்டபோது குரலைத் தாழ்த்தி, “என்ன பொம்பளை இவ? தங்கமான அக்காவைப் போய் இப்படிப் பேசியிருக்கா. நன்றி கெட்டவ” என்றாள்.

மடிப்பக்கா முனையை வாங்கிக்கொண்டாள். “ஆமா” என்றாள். வேறென்ன சொல்வது? ‘அந்த நன்றி கெட்டவள் நான்தான்’ என்றால் ஏன் போனாய் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் டப்பாவைச் சொல்ல வேண்டும். டப்பாவைச் சொன்னால் எதிர்முனையின் மகளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இருநூறு விரிப்பு பாக்கி. இருநூறு தடவை எதிர்முனை கிட்டே வந்து, தோழிக்காகப் பரிதாபப்பட்டுவிட்டு, பின்னால் போனாள். இருநூறு தடவையும் மடிப்பக்கா தலையாட்டினாள். ஒரு விரிப்பிலும் மடிப்பு கோணவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தது. காய் பாதி நறுக்கியபடி இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி அடித்தது. நடுவன் ஓடி வந்து சித்தி, சித்தி என்றான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியவள் இப்போது மத்தியானத்தில் கீழ்வகுப்புப் பெண்கள் இரண்டு பேரோடு மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சலவைக்கூடத்தில் இன்னும் எல்லோரும் தோழியைக் கேட்கிறார்கள், மடிப்பக்காவைத் தவிர. அன்று கவிழ்த்து வைத்த போனை அவள் தங்கைக்காகத் திரும்பவும் நிமிர்த்தவே இல்லை. அக்கா தங்கைக்குள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

எழுதி முடித்து இந்த இடத்தை நான் உரக்கப் படித்தபோது, கடைக்குட்டியின் செருப்புக்கு அறுந்த வாரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவள் நிமிராமலே திருத்தினாள்.

“அது தப்பு. அம்மா போனை எடுக்கறாங்க, தினமும். ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’னு சொல்லிட்டு வெச்சுடறாங்க.”